புரிகிறது, ஆனால் அது பிரெஞ்சு இல்லை

சிலிக்கோனில் பெரிய மட்டி ஒன்று வேண்டும் என்று கடையில் கேட்டிருக்கிறேன். கடலில் பிடித்து, பூண்டு போட்டு வேகவைத்துத் தின்கிற மட்டி. நான் கேட்க நினைத்தது அச்சு. பிரெஞ்சில் இரண்டுக்குமே ‘மூல்’ என்றுதான் பெயர். முன்னால் ‘லெ’ போட்டால் ஆண்பால், அச்சு. ‘லா’ போட்டால் பெண்பால், மட்டி. (கொச்சையில் இன்னொரு பொருளும் உண்டு. வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.) கல்லாவில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். முதலாளி வழக்கம்போல அச்சுகள் இருக்கும் அலமாரியைப் பார்த்து நடந்தார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடைக்கு நான் பத்து வருடமாகப் போகிறேன். பத்து வருடமும் ‘லா மூல்’ என்றே கேட்டிருக்கிறேன். பத்து வருடமும் அவர்கள் அச்சைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் சுதைச் சிற்ப வேலைக்காரன். சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். 2012-இல் ஒரு ஸ்தபதியின் குழுவோடு, கோபுரத் திருப்பணிக்காக ரெயூனியனுக்கு வந்தேன். எட்டு மாத வேலை என்றார்கள். கும்பாபிஷேகம் முடிந்து எல்லாரும் ஊர் திரும்பினோம். அடுத்த கோயில் வேலைக்கென்று மறுபடி வந்தேன். அப்புறம் இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். இப்போது கோயில் வேலை இருந்தால் கோயில், இல்லாவிட்டால் வீடுகளுக்குச் சுவர்ப்பூச்சு.

ஊர் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இது மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இருக்கிற பிரெஞ்சுத் தீவு. 1946-இலிருந்து பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் பணம், பாரிஸில் போடுகிற சட்டம்தான் இங்கும் சட்டம். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. அதன் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடியபோது பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். 1861-இல் பிரிட்டனோடு உடன்படிக்கை போட்டபின் அந்த வரத்து பெருகியது, 1882-இல் பிரிட்டன் அதை நிறுத்தியது. அவர்களின் வாரிசுகளுக்கு இங்கே ‘மல்பார்’ என்று பெயர். பெயரைப் பார்த்து மலையாளிகள் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலானோரின் முன்னோர் தமிழர்கள். மாரியம்மன் இருக்கிறாள், தீமிதி இருக்கிறது, காவடி இருக்கிறது. பேச்சில் தமிழ் மட்டும் இல்லை.

பெயர்க்கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பெயர் கலியபெருமாள். பிரெஞ்சுக் காகிதங்களில் குடும்பப் பெயர் இல்லாமல் மனிதன் கிடையாது. ஆகவே பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ‘மிஸ்யூ கலியபெருமாள்’ என்று கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். இங்கே ராமசாமி, முத்துசாமி என்று குடும்பப் பெயர் வைத்திருக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு மேசையில் நடந்திருக்கும். நான் நூற்றைம்பது வருடம் பிந்தி வந்த கேஸ்.

சரி, பிரெஞ்சுக்கு வருகிறேன்.

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப்போட முன்பெல்லாம் பி1 அளவு மொழியறிவு போதும். 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டம் அதை ஒரு படி ஏற்றிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் பி2 வேண்டும், பேச்சிலும் எழுத்திலும். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அது திருத்தி வருவதற்குள் 2026 பிறந்துவிடும் என்று தெரிந்துவிட்டது. எனவே பி2. இந்த ஏ1, பி2 எல்லாம் ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட அளவுகோல், மொத்தம் ஆறு படி. பி2 நாலாவது. அந்தப் படிக்கு எழுதியிருக்கும் விளக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: தாய்மொழிக்காரரோடு பேசும்போது இரு தரப்புக்குமே சிரமம் இருக்கக்கூடாது. இரு தரப்புக்கும்! எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. எதிராளி பத்து வருடமாகப் பட்ட சிரமத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

2024 கடைசியில் தெல்ஃப் பி2 எழுதினேன், பிரெஞ்சு மொழியறிவுக்குச் சான்றிதழ் தருகிற தேர்வு அது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றும் 25 மதிப்பெண். 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. எனக்குக் கேட்டல் 14, வாசித்தல் 17.5, எழுதுதல் 7, பேசுதல் 8.5. கூட்டினால் 47.

கோபம் வந்தது. இந்த ஊரில் நான் வேலை பேசுகிறேன், கூலி பேசுகிறேன், சாரம் கட்டுகிறவனோடு சண்டை போடுகிறேன். மருத்துவரிடம் முதுகுவலியை விளக்குகிறேன். எல்லாருக்கும் புரிகிறது. பிறகு ஏன் 8.5?

அந்தக் கேள்வியை என் மனைவியின் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். எனக்கு அவர் பெரியத்தை. (பிரெஞ்சில் எல்லாரும் ‘தான்த்’தான். உங்களை நான் ஏன் பெரியம்மா என்று கூப்பிடக்கூடாது என்பதை அவருக்கு விளக்கவே அரை மணி நேரம் ஆனது. கேட்டு முடித்ததும் அந்த முறை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.) இங்கே சேன்-ஆந்த்ரே என்ற ஊரில் தனியாக இருக்கிறார். 74 வயது, ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. சின்ன வயதில் வகுப்பில் கிரியோல் (இந்தத் தீவின் வீட்டுமொழி) பேசியதற்குப் பிரம்படி வாங்கியவர், பிறகு ஆசிரியையாகி முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கிரியோலைத் திருத்தியவர். இது பற்றி அவருக்கு இப்போது வருத்தமும் உண்டு, பெருமையும் உண்டு. எந்த நாளில் எது என்று சொல்ல முடியாது.

என் வாதத்தை முழுதாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “நீ சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் அது பிரெஞ்சு இல்லை.”

சனிக்கிழமைதோறும் போவது என்று ஏற்பாடானது. காசு வாங்கமாட்டேன் என்றார், பதிலுக்குத் தமிழ் சொல்லிக்கொடு என்றார். மாரியம்மன் தாலாட்டில் பாதி அவருக்கு மனப்பாடம். பாட்டி சொல்லித்தந்ததை ரோமன் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது.

நோட்டு என்னிடமும் ஒன்று இருந்தது. 2012-இலிருந்து நான் கற்ற பிரெஞ்சு முழுதும் தமிழ் எழுத்தில். சாந்துக்கு என்ன, சுண்ணாம்புக்கு என்ன, ‘நாளைக்கு வருகிறேன்’ எப்படி. பெரியத்தை அதை வாங்கி, இரண்டு இடத்தில் விரல் வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டார். முதலாவது மீன், ‘புவாசோன்’. இரண்டாவது குடிப்பதற்குக் கிடைப்பவை எல்லாம், ‘புவாசோன்’. பாருங்கள், இப்போது தட்டச்சு செய்யும்போதும் அப்படியேதான் வருகிறது. முதல் சொல்லில் பல்லியின் ப, இரண்டாவதில் பஸ்ஸின் ப. ‘பஸ்’ என்று எழுதிவிட்டுச் சரியாகப் படிக்க நமக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சொல் காதில் ஏற்கெனவே இருக்கிறது. காதில் இல்லாத சொல்லை இப்படி எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவனுக்குச் சீட்டுக் குலுக்கல்தான். அந்த நோட்டில் இப்படி ஐம்பது இடம் இருந்தது. பெரியத்தை அதை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

வேறு ஓர் ஒலியில் எனக்குப் பாராட்டு கிடைத்தது. மூக்கால் சொல்கிற உயிரொலிகள். ஆங்கிலம் படித்துவிட்டு பிரெஞ்சுக்கு வருகிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுவார்களாம். நமக்கு அது வீட்டுச் சொத்து. எழுத்தில் ‘மரம்’ என்கிறோம், வாய் அந்த ‘ம்’மைச் சொல்வதே இல்லை, ‘மரோ’ என்று இழுத்து மூக்கில் முடிக்கிறது. ‘வந்தான்’ என்பதில் கடைசி ‘ன்’ எங்கே போகிறது? பிரெஞ்சில் ‘மரோன்’ என்றால் பழுப்பு நிறம், தோட்டத்திலிருந்து மலைக்கு ஓடிப்போன அடிமைக்கும் அதே பெயர். அந்தச் சொல்லை நான் சொன்னபோது பெரியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். இங்கே புளி ரசத்துக்கு ‘ரசோன்’ என்று பெயர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதி, மூக்கால் முடிப்பார்கள். கப்பலில் வந்த யாரோ ஒருத்தி அடுப்படியில் ‘ரசம்’ என்று சொன்னது பக்கத்தில் நின்றவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே நிற்கிறது. அந்தப் பெண் நம் தெருவில் பேசுகிற மாதிரிதான் பேசியிருக்கிறாள்.

அன்றைக்கு இலக்கணம் நடக்கவில்லை. ரசம் வைத்துச் சாப்பிட்டோம்.

இலக்கணம் நடந்த நாட்களில் என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறு ஒன்று. வினைச்சொல் மாற்றமெல்லாம் மனப்பாடத்தில் வந்துவிடும். ‘தோன்’, ‘லெகெல்’, ‘ஓகெல்’ என்று பெயர்ச்சொல்லையும் வினையையும் கட்டுகிற ஒரு குடும்பம் இருக்கிறது. அதுதான் வரவேயில்லை. ஏன் வரவில்லை என்று புரிய ஒரு மாதம் ஆனது. தமிழில் நமக்குப் பெயரெச்சம் ஒன்று போதும். நான் பூசிய சுவர். நான் பூசிய கரண்டி. நான் பூசிய நாள். நான் பூசிய கூலி. சுவர் பூசப்பட்டது, கரண்டியால் பூசினேன், நாளன்று பூசினேன், கூலிக்காகப் பூசினேன். நாலு உறவும் நாலு விதம், ஆனால் ‘பூசிய’ ஒன்றே. கேட்கிறவர் சுவரையும் கரண்டியையும் பார்த்தே உறவைப் புரிந்துகொள்கிறார். பிரெஞ்சு அந்த வேலையைக் கேட்கிறவர் தலையில் போடாது. எந்தச் சுவரை, எந்தக் கரண்டியால், எந்தக் கூலிக்காக என்று அந்த இணைப்புச் சொல்லிலேயே காட்டியாக வேண்டும், அதிலும் ஆண்பால் பெண்பால் பார்த்து. நான் பத்து வருடமும் எல்லாவற்றுக்கும் ‘க’ என்ற ஒரே சொல்லைப் போட்டு ஒப்பேற்றியிருந்தேன். சுவரும் கரண்டியும் பொருளைச் சொல்லிவிடும் அல்லவா, எல்லாருக்கும் புரிந்தது.

இதற்குப் பெரியத்தை கொடுத்த மருந்து எளிமையானது. தினமும் வேலைத்தளத்தில் கையில் எடுக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். எந்தச் சாரத்தின் மேல் நிற்கிறேன், எந்த வாளியிலிருந்து சாந்து எடுக்கிறேன், எந்த மேஸ்திரியைப் பற்றி நேற்று சொன்னேன். மனதுக்குள்தான். ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கீழே கலவை போடுகிற தம்பி, “அண்ணே, மேல யார்கூடப் பேசுறீங்க?” என்றான்.

அடுத்தது இன்னொரு வகை இணைப்புச் சொற்கள், வாதத்தைக் கோக்கிறவை. பி2-வின் உயிரே இதில் இருக்கிறது என்பது என் கட்சி. ஸெர்த், ஆன் ரவான்ஷ், தாயோர், கான் மெம், ஓர். அகராதியைப் பார்த்தால் எனினும், ஆயினும், மாறாக, மேலும் என்று போட்டிருக்கும். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் தமிழிலேயே வாயால் ‘எனினும்’ சொன்னவன் இல்லை. பிறகு ஒருநாள் வேலைக்கிடையே காதில் ஒரு பட்டிமன்றத்தை ஓடவிட்டிருந்தேன். பேச்சாளர் எதிரணியைப் பார்த்து, “வாஸ்தவம்தான் ஐயா, நான் இல்லேங்கல. ஆனா…” என்றார். அட, இதுதானே ஸெர்த்! ஒத்துக்கொள்கிற மாதிரி ஒத்துக்கொண்டு, அடுத்த மூச்சில் காலை வாருவது. அதன்பின் வரிசையாக வந்து விழுந்தன. தாயோர் என்றால் ‘சொல்லப்போனால்’. கான் மெம் என்றால் ‘என்ன இருந்தாலும்’. ழுஸ்த்மான் என்றால் ‘அதைத்தானே நானும் சொல்றேன்’. ஓர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ‘இப்படி இருக்க’ என்று கதை சொல்கிறவர் ஒரு நிறுத்தம் கொடுத்துத் திருப்பத்தைக் கொண்டுவருவாரே, அந்த இடம். அகராதித் தமிழில் தேடியவரை கிடைக்காதது மேடைத் தமிழில் கிடைத்தது.

பெரியத்தைக்குப் பட்டிமன்றத்தை விளக்கினேன். இரண்டு அணி, நடுவில் ஒரு நடுவர், கடைசியில் தீர்ப்பு. ‘பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததும் அதுவேதான், தேஸ், ஆந்தித்தேஸ், ஸேந்தேஸ், அதாவது வாதம், எதிர்வாதம், முடிவு. நாங்கள் சிரிப்பு மூட்டுவதில்லை, அவ்வளவுதான்’ என்றார்.

நடுவில் ஓர் ஆச்சரியம். என் எழுத்துத் தேர்வு ஏன் 7-இல் நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது. பி2 எழுத்துத் தேர்வுக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொல், பெரும்பாலும் கடிதமோ கட்டுரையோ, ஏதாவது ஒரு நிலைப்பாட்டை எடுத்து வாதாட வேண்டும். எனக்கு வந்தது நகர மேயருக்கு ஒரு கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பிரெஞ்சிலும் நம்மூர் போலவே இருந்ததால் தெம்பாக ஆரம்பித்தேன். பெரியத்தை அதை நினைவிலிருந்து மறுபடி எழுதச் சொன்னார். எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுக் கேட்டார்: “இதில் எங்கேயாவது உன் கருத்து இருக்கிறதா?” தேடினேன். தாங்கள் கருணை கூர்ந்து, தங்கள் மேலான பார்வைக்கு, ஏழை எளிய மக்கள் பயன்பெறும் வகையில். தாலுகா ஆபீசில் என் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகைக்காக எழுதிய மனு அப்படியே பிரெஞ்சு பேசியது. எனக்கு மனு எழுதத் தெரியும், வாதம் எழுதத் தெரியாது. மேயர் மனம் இரங்க வேண்டும் என்று எழுதியிருந்தேன், தேர்வாளருக்கோ காரணம் வேண்டும். கடைசி வரியில் மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் நம்மையே மிஞ்சுவார்கள். ‘மேயர் அம்மையீர், என் உயர்ந்த வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றருள்க’ என்கிற மாதிரி ஒரு நீளமான முடிப்பு. அதை எழுதும்போது மட்டும் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

இங்கே பிரெஞ்சு கற்பதில் இன்னொரு இடக்கு உண்டு, அது கிரியோல். வீட்டில், சந்தையில், வேலைத்தளத்தில் எல்லாம் கிரியோல்தான். அது பிரெஞ்சிலிருந்து பிறந்தது, ஆனால் தனி மொழி. நம் வாய்க்கு எவ்வளவு இதமான மொழி தெரியுமா! பிரெஞ்சில் உதட்டை உ-வுக்குக் குவித்துக்கொண்டு உள்ளே இ சொல்ல வேண்டிய அந்தப் பாழாய்ப்போன ஒலி, அழுத்தமான கிரியோலில் சாதாரண இ ஆகிவிடும். நிலா ‘லா லின்’. ‘ஷ்’ எல்லாம் ‘ஸ்’. சுவருக்கு ஆண்பாலா பெண்பாலா என்று யாரும் கேட்பதில்லை. ‘ஊ’ என்ற ஒரே சொல் ‘நீங்கள்’ என்பதற்கும் ஆகும், ‘நீ’ என்பதற்கும் ஆகும். அதனால் என்ன ஆகிறது என்றால், என் பிரெஞ்சு எங்கே தடுக்குகிறதோ அங்கேயே எதிராளி அன்போடு கிரியோலுக்கு இறங்கிவந்து கைகொடுத்துவிடுவார். நானும் இறங்கிவிடுவேன். பேச்சு சுகமாக நடக்கும், பிரெஞ்சு நின்ற இடத்திலேயே நிற்கும். கிரியோலைக் குறை சொல்லவில்லை. நான் பிள்ளைகளைக் கொஞ்சுவது அதில்தான். குறை என் சோம்பலில்.

2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் தீவின் வடக்குக் கரையில் ஏறியது. இங்கே எச்சரிக்கைக்கு நிறம் உண்டு. ஆரஞ்சு என்றால் பள்ளிக்கூடம் மூடல். சிவப்பு என்றால் யாரும் வெளியே போகக்கூடாது. ஊதா என்றால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு உள்பட ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். அன்று ஊதா. மின்சாரம் போய்விட்டது, பேட்டரி ரேடியோ மட்டும். அரசு அதிகாரி பிரெஞ்சில் பேசுவார், நடுவே ஆட்கள் போன் போட்டு என் கூரை போச்சு, எங்க ஓடையில் தண்ணி ஏறுது என்று கிரியோலில் கத்துவார்கள். மாமியாருக்குக் காது மந்தம், அதிலும் காற்றின் ஓலம். “என்ன சொல்றான்?” என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி குழந்தைகளோடு குளியலறையில் இருந்தாள். நான் ரேடியோவைக் காதில் வைத்து, அதிகாரியின் நீள நீள வாக்கியங்களைக் கேட்டு, சுருக்கி, மாமியாரின் காதருகே கிரியோலில் கத்தினேன். மணிக்கணக்காக. இது செத்த பயிற்சி இல்லை, ஜன்னல் பலகை எப்போது பிய்யுமோ என்று பார்த்துக்கொண்டே செய்த பயிற்சி. அன்றைக்கு ஒரு வாக்கியத்தின் கடைசிவரை காத்திருந்து கேட்கப் பழகினேன். அதற்கு முன்பெல்லாம் தெரிந்த நாலு சொல்லைப் பொறுக்கி மீதியை நானே ஊகித்துக்கொள்வேன். பேச்சில் பிழை செய்வதுபோலக் கேட்பதிலும் செய்துகொண்டிருந்திருக்கிறேன், அதை யாரும் திருத்தவே முடியாது.

வாசித்தல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாளிதழ் படித்தேன், அவ்வளவுதான். சப்ஜோன்க்தீஃப் என்கிற வினைவடிவம் பற்றி ஒரே ஒரு புலம்பல். ‘அது உண்மை என்று நினைக்கிறேன்’ என்றால் ஒரு வினைவடிவம், ‘நினைக்கவில்லை’ என்றால் வேறு வடிவம். சரி, மனதில் உறுதி இல்லாததற்கு ஒரு வடிவம், ஏற்றுக்கொள்கிறேன். ‘பியேன் க’ என்றால் ‘இருந்தபோதிலும்’. மழை பெய்தபோதிலும் வேலை செய்தேன். மழை நிஜமாகப் பெய்தது, நான் நனைந்தேன், அதில் என்ன சந்தேகம்? ஆனாலும் சந்தேக வடிவம்தான் போட வேண்டும். ‘ஆப்ரே க’, அதாவது ‘பிறகு’ என்றால் போடக்கூடாது. ரேடியோவில் பேசுகிறவர்களே அங்கே போட்டுவிடுகிறார்கள். அப்படி யாராவது சொன்னால் பெரியத்தை ரேடியோவைப் பார்த்துத் திட்டுவார்.

2025 நடுவில் இரண்டாம் முறை போனேன். பேச்சுத் தேர்வில் இரண்டு சீட்டு எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தயாரிக்க 30 நிமிடம், பேச 20 நிமிடம். நான் வைத்துக்கொண்ட சீட்டில், செலவை மிச்சம் பிடிக்க நள்ளிரவில் தெருவிளக்கை அணைக்கும் ஊர்கள் பற்றிய ஒரு குட்டிச் செய்தி. கையில் லட்டு வந்த மாதிரி இருந்தது. இங்கே பாரோ பெட்ரல் என்று ஒரு கடற்பறவை. உலகிலேயே இந்தத் தீவின் மலைமுகட்டில்தான் கூடு கட்டுகிறது. ஏப்ரல் வாக்கில் குஞ்சுகள் முதல்முறை கடலைத் தேடிப் பறக்கும்போது ஊர் வெளிச்சத்தில் மயங்கித் தெருவில் விழும். அந்த நாட்களில் விளக்கை அணைப்பதற்கென்றே இங்கே இயக்கம் நடக்கிறது. ஒருமுறை கோபுரத்துச் சாரத்துக்கடியில் ஒரு குஞ்சை நானே எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். பறவையில் ஆரம்பித்தேன்.

எதிரே இரண்டு பேர். அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து போகிற பெண்ணுக்கு உங்கள் பறவையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?” என்றார்.

முதல் தேர்விலும் இப்படித்தான் குறுக்கே ஒரு கேள்வி வந்தது. அப்போது ‘ஆமாம், நீங்கள் சொல்வதும் சரிதான் மதாம்’ என்று சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வயதில் மூத்தவர், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், வேறென்ன சொல்வது? இந்த முறை வாய் தானாக ‘ஸெர்த்’ என்றது. ஒரு மூச்சு விட்டேன். வாஸ்தவம்தான், என் மனைவியும் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவள்தான். ஆனால் நான் பேசுவது வருடத்தில் சில வாரங்கள், சில தெருக்கள் பற்றி. சொல்லப்போனால், எந்த விளக்குக்குக் கீழே அவள் நடக்கிறாளோ அந்த விளக்கைப் பற்றி நான் பேசவே இல்லை. ‘எந்த விளக்குக்குக் கீழே’ என்பதை முழுதாக, பெண்பால் ஆண்பால் பார்த்து, இணைப்புச் சொல்லோடு சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு கணம் பேச்சு வரவில்லை. அம்மையார் விடவில்லை, இன்னும் இரண்டு தடவை மறுத்தார். நானும் விடவில்லை.

62.5 வந்தது. பெரியத்தைக்குப் போன் செய்தேன். எந்த இடத்தில் தப்பு விட்டாய் என்றுதான் முதலில் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் முறை. ஆறு மாதத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தார். சங்கடம் ஒரே ஓர் எழுத்தில். நம் சிற்றிதழ்களில் பிரெஞ்சுப் பெயர்களை ழான், ழாக் என்று எழுதுவார்கள். நானும் அந்தப் பழக்கத்தில் ‘ழ’ என்பது உங்கள் ‘ழான்’ இல் வருகிற எழுத்து என்று ஆரம்பத்தில் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவர் தமிழைத் ‘தமிஷ்’ என்கிறார். நாக்கை மடக்கச் சொல்லி இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு அவரே சொந்தமாக அஞ்சு வரி எழுதி வைத்திருந்தார். முதல் வரி: ‘நான் கோவிலுக்கு போனேன்.’ சிவப்பு மையை எடுத்து, நடுவில் ‘ப்’ போட்டேன். கோவிலுக்குப் போனேன்.

“ஏன்?” என்றார்.

அப்படித்தான் வரும் என்றேன்.

“அதுதான் ஏன்? இரண்டாவது வரியில் ‘கோவிலில் பூ வாங்கினேன்’ என்று எழுதியிருக்கிறேன். அங்கே நீ ஒன்றும் போடவில்லையே?”

பார்த்தேன். போடவில்லை. போடக்கூடாது என்பது கைக்குத் தெரிகிறது, காரணம் வாய்க்கு வரவில்லை. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ வலி மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று ஒரு பக்கம் ஒப்பித்தது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பது வரவில்லை. பெரியத்தை மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, நான் ‘தோன்’னில் தடுக்கும்போதெல்லாம் பார்க்கிற அதே பார்வை பார்த்தார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

நான்காம் வேற்றுமை, கு உருபு வெளிப்படையாக வந்தால் வலி மிகும். வெள்ளிக்கிழமை ராத்திரி தம்பி மகளுக்கு வாட்ஸ்அப் போட்டு, அவள் பாடப்புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லித் தெரிந்துகொண்டேன். “எதுக்கு பெரியப்பா, உங்களுக்கு எக்ஸாமா?” என்றாள்.